மொட்டை பேசாத நாட்கள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட் முடிந்து பெரியவள் வீடு திரும்பியபோது, தங்கச்சி ஸ்டூல் மேல் ஏறிப் பரணுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள். வாசலிலிருந்து பார்க்க, தலையில்லாத ஓர் உடம்பு குதிகாலை உயர்த்தி நிற்பதுபோல இருந்தது. பயணப் பை கதவோரம் பிரிக்காமல் கிடந்தது. முன்னறைக் கட்டிலில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"வந்ததும் வராததுமா அங்க என்னடி குடையற?"

"மொட்டையைத் தேடறேன்க்கா." பரணுக்குள்ளிருந்து குரல் முழங்கியது. "இங்கதானே இருந்துச்சு? பழைய கொசுவலைக்குப் பின்னால?"

"அதை எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. கீழ இறங்கு. விழுந்து வெச்சேன்னா உன்னையும் சேத்து நான்தான் தூக்கணும்."

சின்னவள் தலையை வெளியே எடுத்தாள். முடியெல்லாம் ஒட்டடை. "தூக்கிப் போட்டுட்டியா? என்னைக் கேக்காமலா?" என்றாள், நேற்றுவரை கையில் வைத்திருந்த பொருளைப் பறிகொடுத்தவள் மாதிரி.

பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு, துடைத்து விட்டிருந்த தரையில் வெறுங்காலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். காலையிலிருந்து நின்ற கால். உட்காரச் சொன்னாலும் உடனே மடங்காது. வெளியே வானம் மூடிக்கிடந்தது. மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல், ஊரையே ஈரத் துணியில் சுற்றி வைத்ததுபோலப் புழுங்கியது. இந்தப் புழுக்கத்தில் படுத்தே கிடக்கிற மனுஷனின் முதுகு என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. அப்பாவின் சட்டையை உயர்த்திப் பார்த்தாள். சிவந்திருந்தது. புண்ணாகவில்லை. பவுடர் டப்பாவை எடுத்து வந்து தட்டித் தேய்த்தாள்.

"அப்பா பேசவே மாட்டேங்கறாரேக்கா. நான் வந்ததுகூடத் தெரியல போல."

"தெரியும். பேச்சுதான் வராது."

அக்காவுக்கு நாற்பத்தெட்டு. தங்கச்சி ஆறு வயது இளையவள். வெளியூரில் ஒரு பல் டாக்டரிடம், வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதி ஒவ்வொருவராக உள்ளே அனுப்பும் வேலை அவளுக்கு. புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள், கூடவே மாமியார். பெரியவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதைவிட, அதைப் பற்றி உட்கார்ந்து பேச இந்த வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை என்பதுதான் சரி.

அப்பாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனதிலிருந்து, பெரியவள் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அடுத்த வீட்டுத் தையக்காரம்மாதான் துணை. தன் தையல் மெஷினை இந்த வீட்டு முன்னறைக்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டு, ஒரு கண் துணியிலும் ஒரு கண் கட்டிலிலுமாக இருந்தாள். இப்போது அவள் மகன் வீட்டோடு போய்விடப் போகிறாள். மாதக் கடைசியில் சாமான் ஏற்ற வண்டி வருகிறது. அதற்குப் பிறகு அப்பாவை யார் பார்ப்பது? அதைப் பேசத்தான் தங்கச்சியை வரச் சொல்லியிருந்தாள்.

என்ன சொல்வது என்பதையும் தயார் செய்து வைத்திருந்தாள். 'அப்பாவைக் கொஞ்ச நாள் நீ வெச்சுக்கடி.' அவ்வளவுதான். சலவைக்கூடத்தில் இந்த வாரம் முழுக்க அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் நிலவறையில் இருந்தது. மாடிகளிலிருந்து அழுக்கு மூட்டைகள் தள்ளுவண்டியில் வரும். முதலில் உதற வேண்டும். உதறினால் என்னென்னவோ விழும். கரண்டி, மாத்திரை அட்டை, பல் செட்டு, ஒரு தடவை யாரோ ஒருவரின் மூக்குக் கண்ணாடி, உடையாமல். ரத்தக் கறையைத் தனியாகப் பிரித்துப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை நிரந்தரமாகிவிடும். பிறகு பெரிய பீப்பாய் மெஷின்கள். கடைசியில் இஸ்திரி போடும் ஆவி உருளை. உருளைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று விரிப்பின் இரு முனையையும் இழுத்துப் பிடித்து ஏற்ற வேண்டும். அந்தப் பக்கம் தகடு மாதிரி வெளியே வரும். ஒவ்வொரு விரிப்பை ஏற்றும்போதும் அவள் வாய் அந்த ஒரு வாக்கியத்தை முணுமுணுத்தது. மறுமுனையைப் பிடித்திருந்தவள் ஒரு நாள் கேட்டேவிட்டாள்: "என்னக்கா, மந்திரமா?"

"ஆமா. வேலை சீக்கிரம் முடியறதுக்கு."

வீட்டுக்கு வந்தாலும் அதே விரிப்பு, அதே வாடை. ஆஸ்பத்திரி விரிப்பை மடிக்க மறுமுனையில் ஆள் உண்டு. வீட்டில் இல்லை. ஒரு முனையைக் கதவுக் கொக்கியில் மாட்டி, இழுத்து மடிப்பாள். அதற்குப் பழகிவிட்டிருந்தாள்.

டீ போட்டு இரண்டு பேரும் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தார்கள். சின்னவள் கைபேசியை நீட்டினாள்.

"இதைப் பாரேன். ஒரு முதியோர் இல்லம். எங்க டாக்டரோட மாமனார் அங்கதான் இருக்காரு. சுத்தமா வெச்சிருக்காங்க. ஆளுக்கு ஒரு கட்டில்."

"இங்க மட்டும் என்ன, ஒரு கட்டிலுக்கு ரெண்டு ஆளா?"

"கிண்டல் பண்ணாத. நர்ஸ் இருக்காங்க, வாரத்துக்கு ஒரு தடவை டாக்டர் வர்றாரு. நீயும் எத்தனை நாள்தான் இப்படி இழுத்துட்டுக் கிடப்ப?"

"வாயைத் தொறந்து பசிக்குதுன்னு சொல்லத் தெரியாத மனுஷனை யார்கிட்ட விடறது?"

"அப்ப என்ன பண்ணலாங்கற?"

இதுதான் சமயம். பெரியவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பாவை..." என்று ஆரம்பித்தாள்.

"ஒரு நிமிஷம்க்கா." கைபேசி அடித்தது. மறுமுனையில் சின்னவளின் பிள்ளைகள். இங்கே அக்கா காத்திருக்க, அங்கே ஒரே கூச்சல். "இல்லடா செல்லம், இன்னும் கிடைக்கல. பெரியம்மா தூக்கிப் போட்டுட்டாங்களாம்... ஆமா, பெரியம்மாதான்... அழாத. வேற எங்கயாவது இருக்கான்னு பாக்கறேன்." வைத்துவிட்டுச் சிரித்தாள். "ரெண்டும் மொட்டையைக் கொண்டுவந்தாத்தான் ஆச்சுன்னு ஒரே பிடிவாதம். தினம் படுக்கும்போது மொட்டைக் கதைதான் அதுங்களுக்கு. பயந்து சாகுங்க. ஆனா அடுத்த நாளும் அதுதான் வேணும்."

டீ ஆறிவிட்டிருந்தது. பெரியவள் ஆறியதையே குடித்தாள்.

மொட்டை என்பது ஒரு பொம்மை. விளையாடுவதற்கென்று செய்த பொம்மைகூட இல்லை. ஜவுளிக்கடை வாசலில் சின்னப் பிள்ளைகளின் உடுப்பை மாட்டிக் காட்ட நிறுத்துவார்களே, அந்தப் பொம்மை. மூன்று வயதுப் பிள்ளையின் அளவு. கடையில் பழசைக் கழித்துப் பின்பக்கம் எறிந்திருந்ததை, பேக்கரியில் அடுப்பு வேலை முடித்து வந்த அப்பா சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார். தலையில் ஒட்டியிருந்த முடி போய்ப் பசைத் தடம் மட்டும் மஞ்சளாகத் திட்டுத் திட்டாக இருந்தது. சிரிக்கிற வாய். உள்ளே பல் வரைந்திருந்தார்கள், தேவைக்கு அதிகமாகவே. ஒரு கண்ணில் கருவிழி உரிந்துபோயிருந்ததால் எங்கே நின்றாலும் அது நம்மைப் பார்க்காது. நமக்குப் பின்னால் நிற்கிற யாரையோ பார்க்கும். வலது கையில் விரல்கள் மொத்தமும் முறிந்து உள்ளங்கை மட்டும் நின்றது.

அம்மா காய்ச்சலில் இறந்துபோன வருஷம் அது. வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை என்று தெருவில் போகிறவனுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் அப்பா அதை ஜன்னலோரம் நிறுத்தினார். ஆள் நடமாட்டம் இருப்பதுபோல இருக்குமாம். தெருவில் போனவர்களோ இந்த வீட்டுப் பக்கம் வந்ததும் நடையை எட்டிப் போட்டார்கள்.

"அது பேசும்னு நான் சத்தியம் பண்ணுவேன்க்கா, அந்த வயசுல." சின்னவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "கரகரன்னு, மூக்கால பேசும். வாசக் கதவுகிட்டப் போனா, 'எனக்கு விரல் இல்ல, உன் விரலை எடுத்துக்குவேன்'னு சொல்லும். நான் கையை அக்குள்ல ஒளிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஆனா பாரு, ராத்திரி அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்குவேன். சின்னப் பிள்ளைக்கு என்னென்னவோ தோணும் போல."

"தோணும், தோணும்."

"அப்பா பேக்கரிக்குப் போயிடுவாரு. நீ பையை மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிடுவ. நானும் அதுவும்தான். எங்க கிளினிக்ல ஒருத்தி கேட்டா, அம்மா இல்லாம உன்னை யாரு வளத்தாங்கன்னு. மொட்டைன்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. ஆனா நான் விளையாட்டுக்குச் சொல்லலக்கா."

பெரியவள் இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் படக்கென்று சத்தம் போட்டது. தங்கச்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதில் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. களைத்த முகத்தில் மற்றதெல்லாம் அமுங்கிப் போகும்.

"அப்பாவுக்கு உடம்பு துடைக்கணும். பின்னால குளியலறையில பெரிய பேசின் இருக்கும், எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று சொல்வதற்குள் சின்னவள் போய்விட்டாள். அப்புறம் பின்பக்கத்திலிருந்து ஒரு கூவல்.

"அக்கா! பொய்க்காரி!"

குளியலறை மேல்தட்டில் உடைந்த வாளிக்குப் பின்னால் அது இருந்தது. பழைய விரிப்பில் சுற்றி, நான்கு முனையும் உள்ளே செருகி, சலவைக்கூடத்தில் மடிப்பார்களே, அதே கச்சிதமான மடிப்பு. சின்னவள் அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"தூக்கிப் போட்ட சாமானை இவ்வளவு நேர்த்தியாவா சுத்தி வெப்பாங்க?"

"எங்கயோ கிடந்துச்சு. நான் கவனிக்கல."

"கவனிக்காமதான் நாலு முனையும் செருகினியா?"

விரிப்பைப் பிரித்தபோது பெரியவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மொட்டை மாறவே இல்லை. பூச்சு இன்னும் கொஞ்சம் உதிர்ந்து கன்னம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகியிருந்ததே தவிர, அதே பல், அதே சிரிப்பு. சின்னவள் பின்கட்டுக் குழாயடியில் அதைக் கிடத்திச் சோப்புப் போட ஆரம்பித்தாள். அவள் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, தைத்த துணியைக் கொண்டுபோக வந்த தையக்காரம்மா பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். குழாயடியில் ஒரு பெண் ஒரு குழந்தையைத் தலைகீழாகக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டு உலுக்கிக்கொண்டிருக்கிறாள்!

"அடிப்பாவி! பிள்ளையை என்ன பண்ற!" என்று பாய்ந்து வந்து பிடுங்கினாள். முகத்தைப் பார்த்ததும் கைவிட்டாள். மொட்டை தொப்பென்று சோப்புத் தண்ணீரில் விழுந்தது. "இது என்ன கண்றாவி?"

"எங்க வீட்டுப் பழைய ஆள்தாம்மா" என்று சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரி, சிரி. எனக்கு நெஞ்சு நின்னு போயிருந்தா மாசக் கடைசி வண்டியில சாமானோட என்னையும் ஏத்தியிருப்பாங்க." தையக்காரம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தாள். பெரியவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பேசிட்டியா?"

"இன்னும் இல்ல."

"எப்பதான் பேசப் போற? அவ ஊருக்குப் போற பஸ்ஸைப் பிடிச்ச பிறகா?"

"பேசறேம்மா."

"நல்லாப் பேசுவ" என்று துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள் தையக்காரம்மா. போகிற போக்கில் அப்பாவின் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டுப் போனாள். அந்தக் கை இன்னும் சில நாளைக்குத்தான்.

பெரியவள் தானே பேசினைக் கொண்டுவந்து அப்பாவுக்கு உடம்பைத் துடைத்தாள். ஒரு காலத்தில் மாவுத் தொட்டியில் முழங்கைவரை விட்டுப் பிசைந்த கை. முன்கை முழுக்க அடுப்புத் தகடு பட்டுச் சுட்ட வடுக்கள், ஏணிப்படி மாதிரி வரிசையாக. இப்போது தூக்கினால் துணி மாதிரித் தொங்கியது. சட்டை மாற்றி, தலையணையை முட்டுக் கொடுத்து, ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கரண்டியில் எடுத்து வந்தாள்.

"அப்பா, ஆ."

அப்பா வாயை இறுக்கிக்கொண்டார்.

"ரெண்டே ரெண்டு கரண்டிப்பா. அப்புறம் மாத்திரை. அப்புறம் உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பால் கழுத்தில் வழிந்தது. துடைத்தாள். மறுபடி கரண்டியை நீட்டினாள், மறுபடி வழிந்தது. மாற்றிய சட்டை நனைந்தது. தினமும் நடப்பதுதான். தினமும் நடக்கிற மாதிரியே, அவள் யோசிக்காமல், மூச்சைத் தொண்டைக்குள் இழுத்து, மூக்கால் அந்தக் குரலை எடுத்தாள்.

"வாயைத் தொறக்கறியா... இல்ல உன் விரலை நான் எடுத்துக்கட்டுமா..."

அப்பா திரும்பினார். வாய் திறந்தது. இடது உதட்டோரம் லேசாக இழுபட்டது. பயமா சிரிப்பா, அவளால் ஒருநாளும் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. கரண்டி உள்ளே போயிற்று. இன்னொன்று. இன்னொன்று.

"விழுங்கு... ம்ம்... நல்ல பிள்ளை..."

பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பினாள். சின்னவள் வாசற்படியில் நின்றிருந்தாள். அக்குளில் மொட்டை, அதன் காலிலிருந்து சோப்புத் தண்ணீர் வடிந்து அவள் புடவையை நனைத்துக்கொண்டிருந்தது. அவளுடைய இன்னொரு கை, அவளுக்கே தெரியாமல், விரல்களை மடக்கி முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

"நீதானா?"

"எது?"

"அந்தக் குரல்."

"வேற யாருடி? பொம்மைக்கு எங்கயாவது பேச்சு வருமா?"

"நீ ஸ்கூலுக்குப் போயிருப்பியே, அந்நேரத்துக்கு."

பெரியவள் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். கையில் பிசுபிசுத்த பாலைப் புடவையில் துடைத்தாள்.

"நான் எந்த ஸ்கூலுக்குடி போனேன்?"

சின்னவள் மொட்டையை அக்குளில் இறுக்கிக்கொண்டாள்.

"அம்மா போனப்ப எனக்கு ஒம்போது வயசு, உனக்கு மூணு. அப்பா விடியறதுக்கு முன்னாடி அடுப்பு மூட்டப் போகணும். உன்னை யார்கிட்ட விடறது? சின்னவ ஸ்கூல் சேர்ற வரைக்கும் நீ நின்னுக்கன்னு சொன்னாரு. நின்னேன்."

"பை மாட்டிக்கிட்டுப் போவியேக்கா! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஜன்னல்ல நின்னு கையாட்டுவேன்."

"போவேன். தெருமுனை வரைக்கும் போவேன். அங்கேர்ந்து பின்பக்கமா வந்து, பூனை மாதிரி உள்ள நுழைஞ்சு, கட்டிலுக்கடியில பூந்துக்குவேன். அங்க அப்பாவோட மாவுச் சாக்கு கிடக்கும். அதுமேல படுத்துக்கிட்டுதான் பேசுவேன்."

"ஏன்?"

"ஏன்னா நீ நான் சொன்னா கேக்க மாட்ட. கடிப்ப. அம்மாகிட்டப் போறேன்னு வாசலைத் தொறந்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடுவ. லாரி போற ரோடு. ரெண்டு தடவை நடு ரோட்டுலேர்ந்து உன்னைத் தூக்கிட்டு வந்திருக்கேன். இன்னொரு தடவை ஓடினா என்னால பிடிக்க முடியாதுன்னு தோணிச்சு. ஒரு நாள் சும்மா, கோவத்துல, அது பேசற மாதிரி பேசினேன். நீ அப்படியே உக்காந்துட்ட. ஆனா நான் பக்கத்துல இருந்தா பலிக்கல. அக்கா இருந்தா அக்காகிட்ட ஓடி வந்து அழுவ. அதான் அக்காவை இல்லாம ஆக்கிட்டேன்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"சில நாள் அது பேசவே பேசாது" என்றாள் சின்னவள் மெதுவாக. "எம்மேல கோவம்னு நினைச்சுக்கிட்டு அதோட காலைப் பிடிச்சுக்கிட்டு அழுவேன். பேசு மொட்டை, பேசு மொட்டைம்பேன்."

"அன்னிக்கெல்லாம் நான் தூங்கிட்டிருப்பேன்."

"கட்டிலுக்கடியிலயா?"

"பின்ன? காலையில அப்பாவுக்குச் சாப்பாடு கட்டணுமில்ல. சாக்குல படுத்தா கண்ணு சொக்கிடும். நீ அழற சத்தம் கேக்கும். எழுந்திரிக்கணும்னு நினைப்பேன், முடியாது."

சின்னவள் மொட்டையை நாற்காலியில் உட்கார வைத்தாள். அது சரிந்தது. நிமிர்த்தி வைத்தாள், மறுபடி சரிந்தது. திடீரென்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பயமுறுத்தியே வளத்திருக்க என்னை. இன்னிக்கு வரைக்கும் நான் விரலை மடக்கிக்கிட்டுதான் தூங்கறேன், தெரியுமா? என் வீட்டுக்காரரு கேட்டுக் கேட்டு அலுத்துட்டாரு. ஏன்னு எனக்கே தெரியல. இப்ப வந்து சாவகாசமா சொல்ற, நான்தான்னு!"

"எனக்கு ஒம்போது வயசுடி! எனக்கு வேற என்ன தெரியும்?"

பெரியவளின் குரல் அறையில் மோதித் திரும்பியது. அவளே திடுக்கிட்டாள். இந்த வீட்டில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி எத்தனையோ காலமாயிற்று. அப்பாகூடத் திரும்பிப் பார்த்தார்.

சின்னவள் மெல்லக் கேட்டாள். "அப்புறம் சேத்தாங்கல்ல? உன்னை ஸ்கூல்ல?"

"சேத்தாங்க. என்னைவிடச் சின்னதுங்களோட. பெஞ்சுல முழங்கால் இடிக்கும். எல்லாம் என்னை டீச்சர்னு கூப்பிட்டுச் சிரிக்கும். ஒரு வருஷம் போனேன். அப்புறம் அப்பா பேக்கரியிலயே பொட்டலம் கட்டப் போயிட்டேன்."

"ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ எல்லார்கிட்டயும் மொட்டைதான் வளத்துச்சுன்னு சந்தோஷமா சொல்லிக்கிட்டிருந்த."

"அதை ஏன் தூக்கிப் போடாம சுத்தி வெச்சிருந்த, அப்ப?"

பெரியவள் யோசித்தாள். அவளும் அதைப் பலமுறை தெருமுனைக் குப்பைத் தொட்டிவரை கொண்டுபோயிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள். "என் குரல்ல சொன்னா யாருடி கேட்டீங்க? அப்பா கேட்டாரா, நீ கேட்டியா? இப்பவும் பாரு, நான் ஆ காட்டுன்னு கெஞ்சினா வாயை மூடிக்கறாரு. அது சொன்னா தொறக்கறாரு. என் பேச்சு எடுபட்டது அது வாயாலதான்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீர் ஓடிக் கட்டில் காலைத் தொட்டிருந்தது. துணி எடுக்கக் குனிந்தவளைச் சின்னவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு, நான் துடைக்கறேன். டீ குடிக்கும்போது ஏதோ சொல்ல வந்தியே. அப்பாவைன்னு ஆரம்பிச்ச."

"ஒண்ணுமில்ல."

"அக்கா. சொல்லு. உன் குரல்லயே சொல்லு."

வாரம் முழுக்க ஆவி உருளைக்கு முன்னால் நின்று இஸ்திரி போட்டு வைத்திருந்த வாக்கியம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"என்னால முடியலடி. அப்பாவை நீ கூட்டிட்டுப் போ."

சின்னவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "மாமியார் வேற இருக்காங்க. ரெண்டே ரூம்... மாடி வேற..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பெரியவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி, காதில் விழுந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்லங்க, இல்லம் வேண்டாம்... தெரியும், தெரியும், மாடின்னு... நான் என்ன உங்களைத் தூக்கச் சொல்றேனா... சரி, உங்களைத்தான் தூக்கச் சொல்றேன்... அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்... அதை வந்து சொல்றேங்க. போன்ல சொல்ற விஷயம் இல்ல." நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சும் சத்தம்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வேனைக் கொண்டுவரேன்னாரு. பின் சீட்டைக் கழட்டிட்டா மெத்தை போட்டுக்கலாமாம். மாடிக்கு அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிடுவாங்க. அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன். டாக்டர்கிட்ட லீவு சொல்லணும், கத்துவாரு, கத்தட்டும்." கைபேசியை ஜன்னலோரம் வைத்தாள். "எத்தனை நாளைக்குன்னு கேட்டாரு. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

பெரியவள் தலையாட்டினாள். பெரிய பாரம் இறங்கியதுபோல இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. கால்தான் முன்னைவிட அதிகமாக வலித்தது.

"அவரை வலப்பக்கமாத் திருப்பிப் படுக்க வைக்கக் கூடாது. மூச்சு முட்டும்."

"சரி."

"பால் ரொம்பச் சூடா இருக்கக் கூடாது."

"சரிக்கா." சின்னவள் தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். நாற்காலியில் சாய்ந்துகிடந்ததைப் பார்த்தாள். "இதை நான் எடுத்துட்டுப் போகவா? உனக்கு வேணும்னா இருக்கட்டும்."

"எடுத்துட்டுப் போ. எனக்கு அதைப் பாத்தாலே முதுகு வலிக்குது."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அதிகம் இல்லை, மூக்கால் விடுகிற அளவுக்கு.

அப்போதுதான் பெரியவளின் கைபேசி அடித்தது. சலவைக்கூட சூப்பர்வைசர். மத்தியான ஷிப்டில் ஒருத்தி வரவில்லையென்றால் இவளைத்தான் கூப்பிடுவார். இவள் இல்லையென்று சொன்னதில்லை. எடுப்பதற்கு முன்பே ஒரு கை கொண்டையை முடியத் தொடங்கியிருந்தது. சின்னவள் கைபேசியைப் பிடுங்கினாள்.

"அலோ... நான் அவங்க தங்கச்சி பேசறேன் சார்... இல்ல சார், வர மாட்டாங்க... தூங்கறாங்க... ஆமா சார், பகல்லதான். பகல்ல தூங்கக் கூடாதா? எழுப்ப முடியாது சார்." வைத்துவிட்டாள்.

"நான் எங்கடி தூங்கறேன்?"

"போய்த் தூங்கு."

"துணி ஊறுது. விரிப்பு மாத்தணும்."

"நான் மாத்தறேன். போ."

உள்ளறையில் பாயை விரித்துப் படுத்தாள். பகல் நேரத்தில் படுத்துப் பழக்கமில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு எதற்கோ காத்திருப்பவள் மாதிரிக் கிடந்தாள். முன்னறையில் தங்கச்சி அப்பாவைப் புரட்டப் பாடுபடும் சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. "கொஞ்சம் தள்ளுங்கப்பா... ஐயோ, இப்படியில்ல... கையை எடுங்க..." தோளைப் பிடித்து இழுக்கிறாள் போலிருக்கிறது. தோளைப் பிடிக்கக் கூடாது, இடுப்புக்கடியில் கையைக் கொடுத்து உருட்ட வேண்டும். சொல்லாவிட்டால் தெரியாது அவளுக்கு.

சொல்வதற்கென்று பெரியவள் வாயைத் திறந்தாள். கொட்டாவிதான் வந்தது.